நாலாவது முடிச்சு

சிங்கத்துக்கு வால் இல்லை. குரங்குக்கு இரண்டு வால் இருந்தது.

யு.கே.ஜி. பையன் ஒருவன் ஸ்ரீனிவாசப் பெருமாளாக மேடைக்கு வந்தான். கிரீடம் அவன் நெற்றி, கண், மூக்கு எல்லாவற்றையும் தாண்டி வந்து மோவாயில் நின்றது. உள்ளேயிருந்து, "மிஸ், சீக்கட்டிகா உந்தி!" என்று குரல் கேட்டது. பெருமாளுக்கு இருட்டாக இருக்கிறதாம். பக்கத்தில் பத்மாவதித் தாயார் பட்டுப் பாவாடைக்குக் கீழே தவளையின் பச்சைக் கால்சட்டை தெரிய, வெட்கமே இல்லாமல் மூக்கை நோண்டிக்கொண்டிருந்தாள்.

நாளை மாலை ஆண்டு விழா. இன்று காலை பத்து மணி ஒத்திகையின் லட்சணம் இது.

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பிரின்சிபால் மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். துடைத்த பிறகும் குரங்குக்கு இரண்டு வால்தான் தெரிந்தது.

"ஏம்மா வசந்தா, ஏமிட்டிதி?"

திருப்பதியின் அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் பாடமெல்லாம் இங்கிலீஷில், திட்டு மட்டும் தெலுங்கில். வசந்தாவுக்குத் திட்டு நன்றாகவே புரிந்தது. இது என்ன என்று அவளைக் கேட்டால் அவள் யாரைக் கேட்பாள்?

நம் வசந்தாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. சித்தூரை அடுத்த குடிபாலா பக்கத்துப் பெண். ஆட்டோ ஓட்டுகிற தேவேந்திரனைக் கட்டிக்கொண்டு திருப்பதிக்கு வந்தவள். நாடக உடுப்பு அறையைப் பார்த்துக்கொள்ளும் இந்த வேலை அவளுடையதே இல்லை. அவள் ஓரகத்தி தேன்மொழியுடையது. தேவேந்திரனின் அண்ணன் கன்னையாவின் மனைவி. ஆறு வருஷமாக அந்த அறையை ஆண்டவள், டிசம்பர் பத்தாம் தேதி அங்கே ஸ்டூலிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாளாம்.

"அவ கை சேர்றவரைக்கும் நீ போய்க்கினு வாம்மா. வேலை கைய உட்டுப் போயிடக் கூடாது" என்று கன்னையாதான் வசந்தாவை அனுப்பினார். ஓட்டலில் தலைமைச் சமையல்காரர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். தேவேந்திரனைத் தகப்பன் இடத்தில் இருந்து வளர்த்தவர். அவர் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

கை சேர்ந்தது. பிறகு வழுக்கி விழுந்ததில், சேர்ந்த கை மறுபடி விட்டுப்போனதாம். இரண்டு மாதம் ஓடிவிட்டது. போன வாரம் பிரின்சிபால் மேடம், "ஆண்டு விழாவை ஒழுங்காக முடித்துக் கொடு, வேலையை உனக்கே நிரந்தரம் செய்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டார். அதற்கும் முன்னாலேயே, பொங்கலிலிருந்து, மாடியில் இருக்கும் தேன்மொழிக்கும் கீழே இருக்கும் வசந்தாவுக்கும் பேச்சு இல்லை. "அவ உம்மேல ரொம்பக் கோவமா கீறா. கொஞ்ச நாளைக்கு மேல வராத" என்று கன்னையா சொல்லியிருந்தார். ஓரகத்தியின் வேலையைப் பறித்தவள் என்ற பேரோடு கீழ்வீட்டில் சோறு இறங்குமா? இறங்கவில்லை. ஆனாலும் நிரந்தர வேலை என்கிற வார்த்தை இனிக்கவே செய்தது. இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் கிடந்து அவளைப் படுத்தின.

இந்தக் குளறுபடிக்கு வருவோம். அதைச் செய்தவள் வசந்தாவேதான். அதுவும் நல்ல எண்ணத்தில்.

உடுப்பு அறை என்பது மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒரு பொந்து. உள்ளே குனிந்துதான் நிற்க வேண்டும். மேல் தட்டே மார்பு உயரம்தான். அதில் தேன்மொழி எல்லாவற்றையும் அழுக்கு மூட்டைகளாகக் கட்டி அடைத்து வைத்திருந்தாள். ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு கந்தல் நாடா, நாடாவின் நுனியில் ஏதேதோ முடிச்சுகள். பொங்கல் லீவில் வசந்தா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். அவளுக்குத் தெரிந்த வரை மூட்டை என்றால் பிரிக்கத்தான். நாற்பத்தொரு மூட்டையையும் பிரித்தாள். துவைத்தாள். கிரீடத்தோடு கிரீடம், வாலோடு வால், வேட்டியோடு வேட்டி, தாடியோடு தாடி என்று அடுக்கினாள். அத்தனை அழகு! மேடமே வந்து பார்த்துப் பாராட்டினார்.

அந்த அழகில்தான் இன்று யாருக்கு எது என்று யாருக்குமே தெரியவில்லை. பதினேழு கிரீடம் இருந்தது. எது பெருமாளுடையது, எது ராஜாவுடையது, எது சிங்கத்தினுடையது? எது சின்னக் குழந்தைக்கு, எது பெரிய குழந்தைக்கு?

"போய் தேன்மொழியைக் கேள்" என்றார் மேடம். "நாலு மணிக்குள் எனக்குச் சரியாக வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு யூனிஃபார்மிலேயே ஆடட்டும். உன் வேலை ஆர்டரையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்."

கேட்பது எப்படி? தேன்மொழியின் போன் ரிப்பேர் என்று கன்னையா சொல்லி ஒரு மாதம் ஆகிறது. கன்னையாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இன்று வியாழக்கிழமை, கட்டு மாற்றுகிற நாள். இரண்டு பேரும் எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர்போன புத்தூரில் இருப்பார்கள்.

வசந்தா புத்தூர் பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் ஒரு மணி நேரமும் ஒரே ஒத்திகை. "அக்கா, என்னை மன்னிச்சுடுக்கா" என்று ஆரம்பிப்பதா? "மேடம்தான் அனுப்புனாங்க" என்று ஆரம்பிப்பதா? ஆர்டர் விஷயத்தைச் சொல்வதா, மறைப்பதா? ரேணிகுண்டா தாண்டுவதற்குள் ஆறு விதமாக ஆரம்பித்துப் பார்த்துவிட்டாள். ஆறிலும் தேன்மொழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கட்டு கட்டும் இடத்தில் கூட்டம். பச்சிலையும் முட்டையும் கலந்த வாடை. நீள பெஞ்சின் கோடியில் தேன்மொழி தனியாக உட்கார்ந்திருந்தாள். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கை மடியில் கிடந்தது. இளைத்துப் போயிருந்தாள். ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இருந்துகொண்டு, இவள் இவ்வளவு இளைத்ததைத் தான் பார்க்கவே இல்லை என்பது வசந்தாவுக்குச் சுருக்கென்றது.

"அக்கா."

தேன்மொழி நிமிர்ந்தவள் முதலில் வாசலைப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் வசந்தாவைப் பார்த்தாள்.

"நீ இன்னாத்துக்கு வந்த? எம்மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொன்னியாமே."

"நானா? நான் எப்பக்கா சொன்னேன்? நீதான் கோவமா கீற, மேல வராதன்னு…"

"நான் அப்டி யார்கிட்ட சொன்னேன்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவளிடம் அவள் சொன்னதாகவும், அவளிடம் இவள் சொன்னதாகவும் வந்து சொன்னது ஒரே வாய். அந்த வாய்க்குச் சொந்தக்காரர் பொய் சொல்வார் என்று நினைக்க வசந்தாவுக்கு வரவில்லை. மாமா ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டிருப்பார், வேலை அலைச்சலில் யார் சொன்னதை யாரிடமோ சொல்லியிருப்பார் என்று அவளாகவே ஒரு சமாதானம் கட்டிக்கொண்டாள்.

"மாமா எங்கக்கா?"

"துன்னப் போயிருக்காரு. இப்ப வந்துடுவாரு. நீ வந்த சோலிய சொல்லு, சீக்கிரம்."

வசந்தா சொன்னாள். பெருமாளுக்கு இருட்டானது வரைக்கும் சொன்னாள். தேன்மொழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாள் கழித்தோ அந்தச் சிரிப்பு. அது பாதியிலேயே நின்றது.

"எல்லா மூட்டையும் பிரிச்சிட்டியா?"

"நாப்பத்தொண்ணும் பிரிச்சேன்க்கா. தோச்சும் வெச்சிட்டேன்."

"நாப்பத்தொண்ணுமா?" என்றாள் தேன்மொழி. குரல் இறங்கிவிட்டது. அவள் அதற்காக அவ்வளவு பயப்படுவானேன் என்று வசந்தாவுக்குப் புரியவில்லை.

பிறகு தேன்மொழி மளமளவென்று சொன்னாள். நகரியில் அவள் பிறந்த வீட்டில் தறி உண்டு. நெய்யக் கொடுக்கிற எந்தப் பாவு நூல் யாருக்கு என்று நூலில் முடிச்சுப் போட்டு வைப்பார்களாம். எழுதி ஒட்டினால் பிள்ளைகள் கிழித்துவிடும், முடிச்சை யார் கிழிப்பார்கள்? அதே வழக்கத்தை அவள் உடுப்பு அறைக்குக் கொண்டுவந்திருந்தாள்.

"சேப்பு நாடா ராஜா தர்பாரு. பச்சை காடு. மஞ்சள் கல்யாணம். நீலம் சந்தை. ஒரு முடிச்சுன்னா எல்.கே.ஜி., யு.கே.ஜி. ரெண்டு முடிச்சு ஒண்ணாங்கிளாஸ், ரெண்டாங்கிளாஸ். மூணு அதுக்கு மேல, அஞ்சாங்கிளாஸ் வரைக்கும். ஒரு மூட்டைன்னா ஒரு புள்ளைக்குத் தலையிலேர்ந்து கால் வரைக்கும். புரியுதா?"

"புரியுதுக்கா. ஆனா நான்தான் நாடாவெல்லாம் உருவி ஒரு பையில போட்டுட்டேனே. எது எந்த மூட்டைல இருந்துச்சுன்னு எனக்கு எப்டித் தெரியும்?"

"அட, உள்பக்கம் மடிப்பைத் திருப்பிப் பாருடீ. அதே கலர் நூல்ல தையல் போட்டிருக்கேன். எத்தினி முடிச்சோ அத்தினி தையல். கிரீடத்துக்கு உள்ள கூட ஓட்டியிருக்கேன்."

ஒரு மாதமாக அந்தத் துணிகளைக் கையில் எடுத்து மடித்திருக்கிறாள். ஒரு மடிப்பையாவது திருப்பிப் பார்த்தாளா? வசந்தா தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்தில் காலில் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாள் இவர்கள் பேச்சில் சுவாரஸ்யப்பட்டு, தேன்மொழியின் கையைக் காட்டி, "எப்டிம்மா ஒடஞ்சுது?" என்று கேட்டாள்.

"ஸ்டூல்லேர்ந்து விழுந்துட்டேன். ஸ்கூல்ல" என்றாள் தேன்மொழி, பாடம் ஒப்பிப்பதுபோல.

வசந்தா இருந்த சந்தோஷத்தில் சிரித்துவிட்டாள். "அந்தப் பொந்துல ஸ்டூலு எங்கக்கா கீது? குனிஞ்சுக்கினுதான நிக்கணும்! மேல் தட்டே இங்கதான கீது!" என்று மார்பைத் தொட்டுக் காட்டினாள்.

தேன்மொழி சிரிக்கவில்லை. வசந்தாவையே பார்த்தாள். திரும்ப வாசலைப் பார்த்துவிட்டு, நல்ல கையால் வசந்தாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வசந்தா, கேளு. கத்திரிப்பூ கலர் நாடாவுல, நாலு முடிச்சு போட்ட மூட்டை ஒண்ணு இருந்துச்சே…"

"நாலு முடிச்சா? ஆறாங்கிளாஸே நம்ம ஸ்கூல்ல இல்லியேக்கா."

"இல்லதான். அத்த மட்டும் நீ யார்கிட்டயும்…"

"அட, யாரு இது, நம்ம வசந்தாவா!"

கன்னையா வந்துவிட்டார். கையில் வாழைப்பழச் சீப்பு. முகத்தில் எப்போதும் இருக்கிற சிரிப்பு. தேன்மொழியின் கை தானாகப் பின்னால் போய்விட்டது.

"இன்னா மூட்டை, இன்னா முடிச்சு? வாசல் வரைக்கும் கேக்குதே!"

"ஸ்கூல் மூட்டை மாமா. எல்லாம் கலந்துபோச்சு. அதான் அக்காவைக் கேக்க வந்தேன்."

"இதுக்காம்மா இவ்ளோ தூரம்? ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"பண்ணேன் மாமா. நாலு வாட்டி."

"அப்டியா? சைலண்டுல கீது போல." ஒரு பழத்தைப் பிய்த்து வசந்தாவிடம் நீட்டினார். இன்னொன்றை உரித்து தேன்மொழியின் கையில் வைத்தார். அப்படியே குனிந்து, அதே சிரிப்போடு, "பேசிட்டியா?" என்று அவளைக் கேட்டார்.

"முடிச்சு பத்தித்தான் சொன்னேன்" என்றாள் தேன்மொழி. பழத்தை அவள் வாயில் வைக்கவில்லை.

"சரி சரி. நீ கெளம்பும்மா, நேரமாச்சு. நாங்க கட்டு மாத்திக்கினு வரோம்."

திரும்பி வருகிற பஸ்ஸில் வசந்தாவின் மனசு ஒரு நிலையில் நிற்கவில்லை. உடுப்புக்கு வழி கிடைத்துவிட்டது. அக்காவுக்குக் கோபமில்லை. சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஏன் சந்தோஷம் வரவில்லை? அக்கா ஏன் வாசலை வாசலைப் பார்த்தாள்? மாமா பழம் உரித்துக் கொடுத்தாரே, எந்தப் புருஷன் கொடுக்கிறான்? அப்படியிருக்க அதை ஏன் அவள் தின்னவில்லை? ஸ்டூல் என்றதும் அப்படி ஏன் பார்த்தாள்? ஒரு கேள்வியைப் பிடித்தால் இன்னொன்று நழுவியது. கையில் இருந்த வாழைப்பழத்தைப் பார்த்தாள். இவளும் அதைத் தின்னாமலே பாதி வழி வந்திருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் இறங்கும்போது மணி மூன்றே முக்கால். டான்ஸ் சொல்லிக் கொடுக்கும் பிரியங்கா மிஸ் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வசந்தாவின் மகள் ஹரிதாவும் இருந்தாள். நாலாங்கிளாஸ். சந்தைக் காட்சியில் தக்காளிக்காரி.

"எல்லாத்தையும் உள்பக்கம் திருப்புங்க! தையலைப் பாருங்க!"

திருப்பினார்கள். இருந்தது! பட்டுச் சட்டையின் மடிப்பில், வாலின் அடியில், கிரீடத்தின் உள்வட்டத்தில், தாடியின் நாடாவில் கூட, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பொடித் தையல்கள். "பச்சை மூணு, சிங்கத்து வாலு!" என்று ஹரிதா கத்தினாள். "மஞ்சள் ஒண்ணு, பெருமாள் கிரீடம்!" அது சின்னக் கிரீடம். அடியில் எங்கோ கிடந்தது. ஒரு துணியில் கூடத் தேன்மொழி தவறவில்லை. ஆறு வருஷமாக ஒரு ஆளாக இதையெல்லாம் செய்துவிட்டு, ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இருந்திருக்கிறாள். இதையா அழுக்கு மூட்டை என்று நினைத்தோம் என்று வசந்தாவுக்கு வெட்கமாக இருந்தது.

நாலு மணிக்கே சிங்கத்துக்கு வால் வந்துவிட்டது. ஐந்தரைக்கு நாற்பது மூட்டைகள் நாடாவும் முடிச்சுமாகத் தட்டில் ஏறிவிட்டன. மேடம் குனிந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பாகுந்தி, பாகுந்தி" என்று மெச்சினார். "நாளைக்கு விழா முடிந்ததும் ஆர்டரில் கையெழுத்துப் போடுகிறேன்."

வசந்தா தலையாட்டினாள். எல்லோரும் போன பிறகு பையைக் கவிழ்த்தாள்.

ஒரே ஒரு நாடா மிச்சம். கத்திரிப்பூ கலர். நாலு முடிச்சு.

தட்டுகளிலும் கொஞ்சம் மிச்சமிருந்தது. தையலே இல்லாதவை. சந்தைக்காரிகளுக்கென்று அவள் எடுத்து வைத்திருந்த இரண்டு நூல் புடவைகள். அதில் ஒன்று கத்திரிப்பூ கலர். ஹரிதாவின் காதுகுத்துக்குத் தேன்மொழி கட்டி வந்த புடவை. பழசாகிவிட்டது என்று நாடகத்துக்குக் கொடுத்திருப்பாள் என்றுதான் போன மாதம் வசந்தா நினைத்தாள். ரவிக்கைகள் இரண்டு. உள்பாவாடை. ஒரு துண்டு. மேக்கப் டப்பாவில் போட்டு வைத்த சீப்பும் குங்குமச் சிமிழும் யாருடையவை? பழைய வசனக் காகிதங்களோடு போட்டு வைத்த ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்ததே, அது?

தேடி எடுத்தாள். பிரித்தாள்.

தேன்மொழியின் பத்தாங்கிளாஸ் சர்ட்டிபிகேட். ஆதார் கார்டு நகல். அப்புறம் ஒரு கடிதம். சித்தூரில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் வார்டனுக்கு உதவியாளர் வேலை. தங்க அறையும் சாப்பாடும் அங்கேயே. டிசம்பர் பன்னிரண்டாம் தேதி காலை வந்து சேர வேண்டும்.

நாடகத்துக்கான உடுப்பே இல்லை இது. வீட்டை விட்டுப் போவதற்காக ஒருத்தி கட்டி வைத்த மூட்டை.

பன்னிரண்டாம் தேதி போயிருக்க வேண்டியவளுக்குப் பத்தாம் தேதி கை உடைந்தது. வசந்தாவுக்கு அந்த நாள் இப்போது நன்றாக நினைவுக்கு வந்தது. அன்று சாயங்காலம் மாடியில் ஏதோ தடாலென்று விழுந்தது. கன்னையா சிரித்துக்கொண்டே படியிறங்கி வந்து, "அரிசி டின்னும்மா, கை தவறிடுச்சு" என்றார். மறுநாள் காலையில்தான், ஸ்கூலில் ஸ்டூலிலிருந்து விழுந்தாள் என்ற பேச்சு வந்தது. இரண்டையும் வசந்தா சேர்த்துப் பார்த்ததே இல்லை. சேர்த்துப் பார்க்க அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? சேர்ந்த கை மறுபடி விட்டுப்போனதும், போன் ரிப்பேரானதும், மேலே வராதே என்றதும் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்காவின் வேலையைப் பறித்துவிட்டோமே என்றுதான் இத்தனை நாள் அழுதாள். வேலை போனால் போகட்டும். அவள் தன் சாமானை ஒளித்து வைக்க இந்த உலகத்தில் இருந்த ஒரே இடத்தை அல்லவா பிடுங்கிக்கொண்டோம்! இங்கே வந்து போக அவளுக்கு இருந்த ஒரே வழியில் தன்னைக் கொண்டுவந்து நிறுத்தினது யார்? "நீ போய்க்கினு வாம்மா" என்று சொன்ன அதே மாமாதான்.

"என்னா வாட்ச்மேன், பாகுன்னாரா? நம்ம வசந்தா உள்ளதான கீது?"

வெளியே வாட்ச்மேனை நலம் விசாரிக்கும் கன்னையாவின் குரல்.

வசந்தாவின் கை அவளைக் கேட்காமலே வேலை செய்தது. புடவைகளை விரித்து, கவரை நடுவில் வைத்து, ரவிக்கை, சீப்பு, சிமிழ் எல்லாவற்றையும் உருட்டிக் கட்டினாள். நாடாவைச் சுற்றினாள். நாலாவது முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. பல்லால் கடித்துப் பிரித்தாள். இப்போது மூன்று முடிச்சு. அஞ்சாங்கிளாஸ் பிள்ளையின் மூட்டை. நாற்பதோடு நாற்பத்தொன்றாக நடுத்தட்டில் செருகினாள்.

கன்னையா உள்ளே நுழைந்தார். டங்கென்று சத்தம். படிக்கட்டின் அடிப்பக்கத்தில் நெற்றி இடித்துக்கொண்டது.

"ஸ்ஸ்! இன்னாம்மா இது, இவ்ளோ தாழ்வா கீது!" என்று தலையைத் தேய்த்துக்கொண்டார். "இப்பத்தான் இந்த ரூமையே பாக்கறேன்."

வசந்தா அவர் நெற்றியைப் பார்த்தாள். அவர் சொன்ன ஸ்டூல் அவரே நிமிர முடியாத அறையில் எங்கே நின்றிருக்கும்?

"அக்கா எங்க மாமா?" என்று கேட்டாள்.

"மேல படுத்துக்கினு கீறா. கை வலியில எழுந்து நடந்து எங்கனா வுழுந்து தொலைக்கப் போறாளேன்னு வெளியில பூட்டிக்கினு வந்தேன்." சட்டைப் பையைத் தட்டினார். சாவி கிலுங்கியது. பிறகு தட்டுகளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "நாலு முடிச்சுன்னு எதோ சொல்லிக்கினு இருந்தாளே. அது எது, காட்டு."

வசந்தா தலையைச் சொறிந்தாள். மூட்டைகளை இங்கும் அங்கும் பார்த்தாள். ஊரே கேலி செய்கிற அந்தப் பழைய குழப்பத்தை முகத்தில் கொண்டுவந்தாள். இத்தனை வருஷம் தானாக வந்தது. இன்று வரவழைக்க வேண்டியிருந்தது.

"அத்த ஏன் கேக்கறீங்க மாமா! நாலா, மூணான்னு எனக்கே தெரியல. பொங்கலுக்கே எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டேன். எந்த மூட்டையில எது கீதுன்னு சாமி சத்தியமா எனக்கு ஒண்ணும் புரியல."

கன்னையா அவளையும் தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"உனக்கு எப்பவும் குழப்பம்தாம்மா. கவலப்படாத. நாளைக்கு நான் லீவு போட்டுட்டேன். காலைல நானே வந்து எல்லா மூட்டையையும் பிரிச்சு, ஒண்ணொண்ணா பார்த்து அடுக்கித் தரேன். உங்க மேடத்துகிட்டயும் இப்பதான் போன்ல கேட்டுட்டு வந்தேன்."

தலையைக் காத்துக்கொண்டு குனிந்து வெளியே போனார். சாவியின் கிலுக்கல் வராந்தா முனை வரைக்கும் கேட்டது.

விடிவதற்குள் அந்த மூட்டை இங்கிருந்து போயாக வேண்டும். நடுத்தட்டு, இடமிருந்து ஏழாவது. அந்த அறையில் எது எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு இன்றைக்குத்தான், ஒரு துளி சந்தேகமில்லாமல் தெரிந்தது.